அக்காவின் தலை, ஆப்பிள் மரம், 1947

என் தம்பி ஓன்னி
எனக்குக் காது வைக்கவில்லை.

மூக்கு இருக்கிறது,
உளி ஒரே மூச்சில் இறங்கிவந்த சரிவு.
நெற்றி முழுக்க வெட்டுத்தடங்கள்,
உழுதுவிட்டு விதைக்க மறந்த வயல்.
கண்கள் இரண்டு பள்ளம். பிற்பகல் வெயில்
கொஞ்ச நேரம் தங்கிவிட்டுப் போகும்.
பக்கவாட்டில் வந்து பார்த்தால்
கன்னம் நேராகப் பின்கழுத்துக்குப் போய்விடுகிறது,
நடுவில் ஓர் ஊர்கூட இல்லாத சாலை.

நானோ துர்க்கு தொலைபேசி நிலையத்தில்
பத்தொன்பது வருடமாகக்
காதை விற்று ரொட்டி வாங்குகிறவள்.
யார் யாரிடம் கடன் கேட்டார்கள்,
எந்தப் பாதிரியாருக்கு எந்தப் பெண் பேசினால் இருமல் வரும்,
போர் நடந்த குளிர்காலத்தில்
எந்த எண்ணை இணைத்தால்
மறுமுனையில் ஒரு தாய் நாற்காலி தேடுவாள்,
எல்லாம் இந்த இரண்டு காது வழியாகத்தான் போனது.

மரம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் நின்றது.
நாற்பதாம் ஆண்டுக் குளிரில் செத்தது.
விறகாக்கலாம் என்றேன்.
படை முகாமிலிருந்து கடிதம் வந்தது:
“வெட்டுமுனைகளில் மெழுகு பூசு. நிழலில் போடு. தொடாதே.”
எப்படியிருக்கிறாய் என்று ஒரு வார்த்தை இல்லை.
ஏழு வருடம் கொட்டகையில்
உருளைக்கிழங்கு மூட்டைக்கு முட்டுக் கொடுத்துக் கிடந்தது
என் தலை.

பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமை முக்காலியில் உட்கார்ந்தேன்.
முகத்தை ஜன்னல் பக்கம் வை என்பான்.
சும்மா உட்கார எனக்கு வராது.
காப்பிக்கு ரேஷன், எதிர்வீட்டு விதவையின் புதுச் சைக்கிள்,
மேற்பார்வையாளர் ஸ்வேயா அம்மாள் தும்மியபோது
பலகையில் விழுந்த பொய்ப்பல்.
பேசிக்கொண்டே இருந்தேன்.
அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்,
அளவெடுக்கிறான் என்று நினைத்தேன்.
குனிந்து பேசினால் அதட்டுவான்:
நிமிர்.

கண்காட்சியில்
ஹெல்சிங்கியிலிருந்து வந்த ஒருவர்
தொப்பியைக் கழற்றி, “என்ன ஒரு மௌனம்!” என்றார்.
சத்தமாகச் சிரித்துவிட்டேன்.
என்னை அப்படிச் சொன்ன முதல் மனிதர்.
ஓன்னியைச் சுவரோரம் நிறுத்தி
என் காது எங்கேடா என்றேன்.
“வடிவம் கேட்கவில்லை” என்றான்.

யாரும் வாங்கவில்லை.
என் அலமாரி மேல் வந்து உட்கார்ந்தது.

மார்ச் மாதம், கூரைப் பனி சரியும் நாட்கள்.
கொட்டகை வாசலில் முதுகைக் காட்டி
கோடரி தீட்டிக்கொண்டிருந்தான்.
மேலே ஒரு பாளம் அசைந்தது.
ஓன்னி, நகர்!
நகரவில்லை.
ஓன்னி!
ஒரு முழம் தள்ளி விழுந்தது.
அவன் முதலில் தன் பாதங்களைப் பார்த்தான்,
மண் அதிர்ந்ததால்.
பிறகு திரும்பினான், என்னைப் பார்க்க அல்ல,
என் வாயைப் பார்க்க.

எப்போதிலிருந்து?

“நாற்பத்து நாலு, ஜூன்.”
பால் விலை சொல்வதுபோல் சொன்னான்.

எட்டுத் தெரு தள்ளியிருந்துகொண்டு
தபால் அட்டை அனுப்புகிறவன்.
ஒருநாளும் தொலைபேசியில் கூப்பிடாதவன்.
கஞ்சன் என்று
நிலையத்தில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

அன்றிரவு அலமாரியிலிருந்து இறக்கி
விரலால் தடவினேன்.
எங்கும் உளியின் முரடு.
உதடுகள் மட்டும் வழவழப்பு,
எண்ணெய் தேய்த்துத் தேய்த்து.
லேசாகத் திறந்திருக்கின்றன.
கீழுதட்டின் இடது ஓரத்தில்
‘ப’ சொல்லும்போது மட்டும் விழும் ஒரு மடிப்பு.
என் கணவர் பதினோரு வருடத்தில்
அதைப் பார்த்ததில்லை.
எனக்கே தெரியாது.
கண்ணாடி முன் நின்று
ப, ப, ப என்று சொல்லிப் பார்த்தேன்.

இன்னும் என் தொப்பியை அதன் மேல்தான் மாட்டுகிறேன்.
வழுக்கி விழுகிறது, பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லையே.

ஓன்னி ஞாயிறுதோறும் சாப்பிட வருகிறான்.
விளக்கை என் முகத்துக்கு நேரே திருப்பிவைத்துக்கொண்டு
அவனோடு சண்டை போடுகிறேன்.